அயலூரில் வாழும் பாட்டு

பழைய இசைத்தட்டுகளைத் தேடியெடுத்துப் பிறருக்குக் கேட்கக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களைப் பொழுதுபோக்குக் கணக்கில் சேர்த்துவிடுவது நம் வழக்கம். இலங்கையிலிருந்து வந்து ஹைதராபாத்தில் வாழும் தமிழர் என்ற முறையில் நான் அதை ஏற்கமாட்டேன். பிறந்த ஊர் கைவிட்ட பாட்டுக்கு அயலூரில் வாழ்வு கொடுக்கிறவர்கள் இவர்கள். வந்த இடத்தில் எப்படி வாழ வேண்டும் என்பதற்கும் இவர்கள் தொழிலில் ஒரு பாடம் இருக்கிறது.

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையைப் பாருங்கள். 1960களில் டெட்ராய்ட் போன்ற நகரங்களில் வெளியாகி விலைபோகாத தட்டுகள் ஏராளம். அவற்றைத் தேடிப்பிடித்து ஆட வைத்தவர்கள் வட இங்கிலாந்தின் டிஜேக்கள். இசைப் பத்திரிகையாளர் டேவ் கோடின் 1970இல் அந்த இசைக்கு ‘நார்தர்ன் சோல்’ என்ற பெயரைப் பரப்பினார். அந்த வட்டாரத்து விகன் நகரின் கசினோ என்ற நடனக்கூடத்தில் 1973 முதல் 1981 வரை தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் மதுவின்றி விடியவிடிய ஆடினார்கள். ஃபிராங்க் வில்சன் 1965இல் டெட்ராய்ட்டின் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடிய ஒரு தட்டு முறையாக வெளிவராமலே நின்றுபோனது. மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடிய பிரதிகள். அவற்றில் ஒன்று 2009இல் 25,742 பவுணுக்கு விலைபோனது. அந்த விலையை உண்டாக்கியது, அதைத் தேர்ந்து ஒலிக்கவிட்டவர்களின் காது.

இதே கதை நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. பி.வி. கேஸ்கர் 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானபின் ஆகாசவாணியில் திரைப்பாடல்கள் அநேகமாக அற்றுப்போயின. நேயர்கள் கொழும்பிலிருந்த இலங்கை வானொலியின் சிற்றலைப் பக்கம் போனார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக வந்த வலுவான ஒலிபரப்பி அங்கே இருந்தது. அறிவிப்பாளர் அமீன் சயானி மும்பையில் பதிவு செய்த இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியான பினாக்கா கீத்மாலா கொழும்பு போய், அங்கிருந்து காற்றில் இந்தியாவுக்குத் திரும்பியது. 1957இல் ஆகாசவாணியே திரைப்பாடல்களோடு விவித பாரதி என்ற சேவையைத் தொடங்கும் அளவுக்கு அந்த அலை டெல்லியை நெருக்கியது. அதே இலங்கை வானொலியில் தெலுங்குப் பாடல்களைத் தொகுத்து வழங்கியவர் மீனாட்சி பொன்னுத்துரை. தமிழ்ப் பெயர் கொண்ட அந்த அறிவிப்பாளரைத் தெலுங்கு நேயர்கள் தங்கள் வீட்டுக் குரலாகவே கொண்டாடினார்கள். ஹைதராபாத்தில் குடியிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அவர் முன்னோடி. இன்னொரு மொழியின் பாட்டை அந்த மொழிக்காரர்களுக்கே பரிவோடு எடுத்துக் கொடுத்தவர்.

இது வெறும் பழசின் மேலுள்ள மோகம் என்பார்கள். விகனில் ஆடிய பிள்ளைகளில் டெட்ராய்ட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் அரிது. கண்டிராத ஊரை எண்ணி யாரும் ஏங்க முடியாது. அவர்களுக்கு அந்தப் பாட்டுகள் அன்று கிடைத்த புதுப் பாட்டுகளே. கைபேசியிலேயே எல்லாம் கிடைக்கிறதே, நடுவில் ஆள் எதற்கு என்றும் கேட்கலாம். பெயர் தெரிந்ததைத்தான் நாம் தேடுவோம்; செயலி நீட்டுவதும் பெரும்பாலும் பலர் கேட்டதைத்தான். எவரும் கேளாமல் கிடந்த பாட்டை முதன்முதலில் நம்பி ஒலிக்கவிட ஒரு மனிதர் வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. தட்டு ஆயிரக்கணக்கில் விலைபோகும்போது பாடியவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது? பழைய தட்டு கைமாறும்போது வரும் பணத்தில் பாடகருக்குப் பங்கில்லை, அது அநீதிதான். அதைவிடக் கசப்பான வழக்கமும் உண்டு. போட்டி டிஜே கண்டுபிடித்துவிடக் கூடாதென்று தட்டின் நடுவிலுள்ள லேபிளை மறைத்து, பாடியவருக்கு வேறு பெயர் சூட்டுவார்கள். ஃபிராங்க் வில்சன் பாட்டே அப்படி இன்னொருவர் பெயரில் ஒலித்தது. ஆனால் இந்தக் குற்றத்துக்கு மருந்தும் இந்தத் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. நம் வானொலி அறிவிப்பாளர்கள் படம், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என்று பெயர் சொல்லிப் பாட்டைப் போட்டு வளர்ந்தவர்கள். பின்னணிப் பாடகரையும் கவிஞரையும் சாதாரண நேயர் பெயர் சொல்லிப் பேசப் பழகியதில் அந்த வழக்கத்துக்குப் பெரும் பங்குண்டு.

ஆகவே பிறர் பாட்டை எடுத்தாளும் உரிமை, அது யாருடையது என்று உரக்கச் சொல்லும் கடமையோடுதான் வருகிறது. கொழும்பு வானொலியின் இசைத்தட்டுக் களஞ்சியத்தையும் ஹைதராபாத் ஆகாசவாணியின் ஒலிப்பதிவுகளையும் கணினிக்கு மாற்றினால் மட்டும் போதாது. அவற்றை அறிந்து, தேர்ந்து, பெயர் சொல்லி ஒலிக்கவிடும் ஆட்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும். குடியேறி வந்த நாமும் இந்த ஊரின் தெலுங்கையும் உருதுவையும் அந்த அக்கறையோடு கற்றுக்கொண்டால், இங்கே வாழும் உரிமையை யாரிடமும் கேட்டுப் பெற வேண்டியிராது.