மபீனி ஊரில் ஒரு கிறிஸ்மஸ்

பிலிப்பைன்ஸ் நாட்டில் செப்டம்பர் முதல் தேதி விடிந்ததுமே கிறிஸ்மஸ் தொடங்கிவிடுகிறது. இது மிகைப்படுத்திச் சொல்வதன்று. 'பர்' என்று முடிகின்ற செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய நான்கு மாதங்களும் அம்மக்களுக்குக் கிறிஸ்மஸ் காலமே. நமக்குத் திருவருகைக்காலம் நான்கு வாரங்கள். அவர்களுக்கோ நான்கு மாதங்கள்! கடைத்தெருக்களில் கிறிஸ்மஸ் கீதங்கள் ஒலிக்கத் தொடங்கும். 'பாரோல்' எனப்படும் நட்சத்திர விளக்குகள் மூங்கிலும் வண்ணத்தாளுமாகவும், கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் சிப்பி ஓடுகளாலும் செய்யப்பட்டு வாசல்தோறும் தொங்கும். தொழிலாளருக்குப் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் ஒன்றை டிசம்பர் 24-க்குள் கொடுத்தாக வேண்டும் என்று 1975-ஆம் ஆண்டிலேயே அரசு ஆணை பிறந்துவிட்டது. நம் நாட்டுத் தீபாவளி போனஸுக்கு அண்ணன் முறை எனலாம்.

2022-ஆம் ஆண்டு டிசம்பரில், மணிலாவில் கருத்தரங்கு ஒன்றை முடித்துக்கொண்டபின், அந்நாட்டுக் குரு நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்று அவருடைய சொந்த ஊருக்குச் சென்றேன். மணிலாவுக்குத் தெற்கே, பத்தாங்காஸ் மாநிலத்தில், கடலுக்குள் நீண்டு கிடக்கும் தீபகற்பத்தில் அமைந்துள்ள மபீனி என்னும் ஊர் அது. ஒருபுறம் மலைச்சரிவு, மறுபுறம் பவளப்பாறைகள் நிறைந்த தெளிந்த கடல். ஆயினும் ஊருக்குள் நுழைந்ததும் என் கண்ணைக் கவர்ந்தவை மலையுமல்ல, கடலுமல்ல; வீடுகளே. தென்னந்தோப்புகளுக்கிடையே தூண்களும் மேல்மாடங்களும் இரும்பு வேலைப்பாடமைந்த வாயிற்கதவுகளுமாக இத்தாலிய மாளிகைகள் எழுந்து நிற்கின்றன! 'சிற்றித்தாலி' என்றே இவ்வூரை அழைக்கின்றனர். இவ்வூர் மக்களில் ஆயிரக்கணக்கானோர் இத்தாலியில் வீட்டு வேலையும் முதியோர் பராமரிப்பும் செய்து பொருள் ஈட்டுகின்றனர். அங்கே பிறர் வீட்டின் சிறு அறையில் ஒதுங்கி வாழ்கிறவர்கள், இங்கே தம் பெயரில் மாளிகை எழுப்புகிறார்கள். அம்மாளிகைகளுள் பல ஆண்டில் பதினொரு மாதம் பூட்டியே கிடக்கின்றன.

நண்பரின் தாயாருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. பிள்ளைகள் ஒன்பது பேர். ஒருவர் குரு, மூவர் இத்தாலியில், ஏனைய ஐவர் மபீனியிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் வாழ்கின்றனர். பாட்டியை அவர்கள் 'லோலா' என்பர். வீட்டிற்குள் வருகின்ற ஒவ்வொருவரும், எழுபது கிலோ எடையுள்ள மகனாயினும் ஏழு வயதுப் பேத்தியாயினும், லோலாவின் வலக்கரத்தை எடுத்துத் தம் நெற்றியில் வைத்துக்கொள்கின்றனர். அதுவே வணக்கம், அதுவே ஆசீர். ஒருநாள் காலையில் மட்டும் அந்தக் கை இருபத்தாறு நெற்றிகளைத் தொட்டதை எண்ணினேன்.

டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாட்கள், பொழுது புலருமுன் நான்கு மணிக்கெல்லாம் திருப்பலி. இதற்குச் 'சிம்பாங் காபி' என்று பெயர். காபி என்றால் அவர்கள் மொழியில் இரவு. (பெயரைக் கேட்டு நான் வேறொன்றை எதிர்பார்த்தேன், திருப்பலி முடிந்ததும் பத்தாங்காஸ் மாநிலத்துக்கே உரிய 'பராகோ' என்னும் கடுங்காபியும் கிடைத்துவிட்டது.) மெக்சிகோவில் அகுஸ்தீனார் சபைத் துறவிகள் பதினாறாம் நூற்றாண்டில் தொடங்கிய வழக்கம் கடல் கடந்து இங்கு வந்து வேரூன்றியது என்பர். வயலுக்குச் செல்லும் உழவர்கள் வெயிலேறுமுன் வழிபட்டுச் செல்லவே இந்த வேளை. திருவருகைக்காலத்தின் ஊதா உடையை ஒதுக்கிவிட்டு வெள்ளுடை அணிந்து, உன்னதங்களிலே கீதமும் பாட இத்திருப்பலிக்குத் தனி அனுமதி உண்டு. இதன் மற்றொரு பெயர் 'மீசா தே அகினால்தோ'. அகினால்தோ என்னும் ஸ்பானியச் சொல்லுக்குப் பொருள் கிறிஸ்மஸ் அன்பளிப்பு. அதாவது, தூக்கத்தை விட்டெழுந்து வருவதே பாலனுக்கு அவர்கள் தரும் முதல் காணிக்கை.

ஆலய வாசலில் காத்திருப்பது அடுத்த இன்பம். வாழையிலையில் ஊற்றிய அரிசி மாவை மேலும் கீழும் தணலிட்டு வேகவைக்கும் 'பிபிங்கா' ஒருபுறம். மூங்கில் குழாயில் ஆவியில் வேகவைத்த ஊதா நிறப் 'பூத்தோ பும்போங்' மறுபுறம். பின்னதன்மேல் தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் தூவித் தருகின்றனர். குழாய்ப் புட்டுத் தின்று வளர்ந்த நாஞ்சில் நாட்டுக்காரன் எவனும் அதைக் கண்டால் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டதாக எண்ணுவான். நான் இரண்டு வாங்கினேன். மூன்றாவதை லோலா வாங்கித் தந்தார்.

அக்குடும்பத்தில் ஒவ்வொருவரும் எல்லாருக்கும் பரிசு வாங்குவதென்றால் ஏழைக் குடும்பங்கள் ஓட்டாண்டியாகிவிடும். ஆகவே 'மொனீத்தோ மொனீத்தா' என்னும் சீட்டெடுப்பு. யாருடைய பெயர் தன் கையில் வந்ததோ அவருக்கு மட்டும், பெயரை மறைத்துப் பரிசளிக்க வேண்டும். விலைக்கும் உச்சவரம்பு உண்டு. பரிசுகளை அறிவிக்கும் முறையும் வேடிக்கையானது: ஒருநாள் 'மிருதுவான ஒன்று', மறுநாள் 'நீளமான ஒன்று'. கப்பல் துறையில் வேலை பார்க்கும் மூத்த மருமகனுக்கு நீளமானதாக வந்தது ஒரு முழம் புடலங்காய்! சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. கிறிஸ்மஸ் காலையில் பிள்ளைகள் கூட்டமாய்த் தங்கள் ஞானத்தந்தையரையும் ஞானத்தாயரையும் தேடிச் சென்று கைமுத்தி செய்து புது நோட்டுகள் பெறுகிறார்கள். சில ஞானத்தந்தையர் அன்று காலை தலைமறைவாகிவிடுவர் என்பது அந்நாட்டில் வழங்கும் நகைச்சுவை. நோட்டை வாங்கியவுடன் எண்ணிப் பார்க்கும் பிள்ளைகளைக் கண்டு எனக்கு முகம் சுளித்தது, லோலாவுக்குச் சுளிக்கவில்லை.

நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும் 'நோச்சே புவேனா' விருந்து. பன்றித் தொடை இறைச்சி, சிவப்பு மெழுகு பூசிய உருண்டைப் பாலாடைக்கட்டி, நெடிய ஆயுளுக்கு அடையாளமான நூடுல்ஸ், இனிப்பு ஸ்பாகெட்டி. முப்பத்திரண்டு பேர் உட்கார்ந்தோம். மபீனியில் நள்ளிரவு, ரோமை மாநகரில் மாலை ஐந்து மணி. கைத்தொலைபேசித் திரையில் லோலாவின் நான்காவது மகள் தோன்றினாள். தான் பராமரிக்கும் இத்தாலிய மூதாட்டிக்கு இரவுக் கஞ்சி காய்ச்சிக்கொண்டே பேசினாள். தொலைபேசி கைக்குக் கை மாறியது. ஒவ்வொருவரும் தம் தட்டைத் திரைக்கு நேரே தூக்கிக் காட்டினர். அவளும் கணவனும் கடைசியாக ஊர் வந்தது 2019 மே மாதத்தில். பின்பு பெருந்தொற்று வழியை அடைத்தது. லோலாவிடம் வளரும் அவர்களுடைய பதினோரு வயது மகனின் முறை வந்தபோது இருக்கை காலியாயிருந்தது. விளக்குப் பார்க்கப் போயிருக்கிறான் என்றார் ஒரு சித்தி. மகள், "சரி, நாளைக்குப் பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கஞ்சியைக் கிளறத் தொடங்கினாள்.

வரவேற்பறை மூலையில் ஓர் அட்டைப் பெட்டி, இடுப்பளவு உயரம், நான்கு புறமும் ஒட்டுநாடா சுற்றி வீற்றிருந்தது. 'பாலிக்பாயான்' பெட்டி என்பர். பாலிக்பாயான் என்றால் தாய்நாடு திரும்புகிறவர். ஆள் திரும்ப முடியாத ஆண்டுகளில் பெட்டி திரும்புகிறது. 1987-ஆம் ஆண்டு முதல் இத்தகைய பெட்டிகளுக்குச் சுங்கவரி விலக்கு உண்டு. 2016-இல் இயற்றிய சட்டம் அந்த விலக்கின் வரம்பை ஒன்றரை லட்சம் பெசோவாக உயர்த்தியது. 2015 ஆகஸ்டில் சுங்க அதிகாரிகள் பெட்டிகளைப் பிரித்துச் சோதிக்கப்போவதாக அறிவித்தபோது நாடே கொதித்தெழ, குடியரசுத் தலைவர் தலையிட்டு அதை நிறுத்த நேர்ந்தது. வெளிநாடுகளிலிருந்து பிலிப்பைன்ஸ் மக்கள் வங்கி வழியே வீட்டுக்கு அனுப்பிய பணம் 2022-இல் மட்டும் 3,200 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் பணத்தை எவரும் முகர்ந்து பார்ப்பதில்லை, பெட்டியை முகர்கிறார்கள். திறந்தவுடன் எழும் சோப்பும் காபியும் சாக்லேட்டும் கலந்த மணத்திற்கு 'வெளிநாட்டு வாசனை' என்றே பெயர்.

கிறிஸ்மஸ் நண்பகலில் பெட்டி திறக்கப்பட்டது. துவாலைகள், பற்பசை, டப்பாவில் அடைத்த இறைச்சி, ஒவ்வொன்றின்மீதும் மையால் எழுதிய பெயர். பக்கத்து வீட்டு விதவைக்கும் ஒரு பொதி இருந்தது. அடியில் பையனுக்கு ஒரு சோடி வெள்ளைக் காலணி. ஜூலையில் ஒரு தாளின்மேல் அவனை நிறுத்தி, பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்து லோலா அனுப்பியிருந்தார். அத்தாளின்மேல் வைத்து அளந்தே தாய் வாங்கியிருக்கிறாள். பெட்டி கப்பலில் இரண்டு மாதம் மிதந்து வந்தது. அதற்குள் பாதம் வளர்ந்துவிட்டது. அவன் குதிகாலை அழுத்தி அழுத்திப் பார்த்தான், நுழையவில்லை. ஒருவரும் பேசவில்லை. பிறகு அவனே காலணியைக் கழற்றி, எட்டு வயதுத் தம்பி முறையுள்ள பையனிடம் நீட்டினான். அன்று மாலை தொலைபேசி மணி அடித்தபோது அவனே ஓடிப்போய் எடுத்து, காலணி சரியாக இருக்கிறது என்று தாயிடம் சொன்னான். அது பொய்தான், ஆயினும் பாவசங்கீர்த்தனத்தில் அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

நம் கடற்கரைப் பங்குகளிலும் வளைகுடா நாடுகளிலிருந்து கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகள் வந்து இறங்குவதை நாம் அறிவோம். 'மகன் அனுப்பியது' என்று பெருமையோடு காட்டும் தாய்மாரை நானும் கண்டதுண்டு. பிள்ளைகளை விட்டுப் பணத்தைத் தேடுகிறார்கள் என்று பிரசங்க மேடையில் நின்று கடிந்துகொள்வது எளிது. தாளில் பாதம் வரைந்து அனுப்புகிற குடும்பத்தை அப்படிக் கடிந்துகொள்ள எனக்கு நா எழாது. ஆயினும் பெட்டி பெரிதாகப் பெரிதாக, பந்தியில் காலி இடங்களும் கூடுகின்றன என்பதை அம்மக்களே நன்கு உணர்ந்திருக்கிறார்கள். இந்த ஆண்டு அனுப்பிய பொருள்களின் விலை ஒரு விமானச் சீட்டில் எத்தனை பங்கு என்று நண்பரின் அண்ணன் என்னிடம் கணக்குப் போட்டுக் காட்டினார். பாதிக்கு மேல் வந்தது.

நான் புறப்படும் நாளில் லோலா கூடத்தில் தரையில் அமர்ந்து பொதி கட்டிக்கொண்டிருந்தார். ஜனவரி முதல் வாரத்தில் ரோமைக்குத் திரும்பும் அண்டை வீட்டார் கையில் கொடுத்தனுப்புவதற்காம். கருவாடு நான்கு தாள்களில் சுற்றப்பட்டது. மணம் வெளியே வந்தால் விமானத்தில் சிக்கல். பராகோ காபித்தூள் ஒரு கிலோ. புதிதாய் வரைந்த பாதத்தின் கோட்டுப்படம் ஒன்று. இம்முறை விரல் நுனிக்கு அப்பால் அரை அங்குலம் தள்ளி வரைந்திருந்தார். கடைசியாக, அருகிலுள்ள தால் ஊரின் பூவேலை செய்த வெள்ளை மேசைவிரிப்பு ஒன்றை எடுத்து மடித்தார். மகளுக்கா என்று கேட்டேன்.

"இல்லை பாதர், அந்த இத்தாலிக்கார அம்மாளுக்கு. எனக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் என் மகள் அவருக்குத்தானே செய்கிறாள்? அவரும் தனியாக இருக்கிறாராம்" என்றார். பிறகு பொதியைத் தராசில் வைத்து, எடை கூடியிருப்பதைக் கண்டு, காபித்தூளில் பாதியை எடுத்து என் பையில் திணித்தார்.