கரைவின் எல்லை

பென்ஸாயிக் அமிலம் என்னும் பெயரைக் கேட்டு மருள்வோரும் அதன் பிறப்பிடமாகிய சாம்பிராணியை அறிவர். அப்பிசினைச் சூடாக்கி, எழும் ஆவியைக் குளிர்வித்தே முற்காலத்தார் இவ்வெண்படிகங்களைப் பெற்றனர். நீரும் ஆல்கஹாலும் சேர்ந்த கலவைகளில் இவ்வமிலம் எவ்வெப்பநிலையில் எவ்வளவு கரையும் என அளப்பதே இவ்வாண்டு எம் மூவர்க்கும் வாய்த்த பணி.

நீரில் இதன் கரைவு மிகச் சிறிது. ஒரு லிட்டரில் 0 டிகிரியில் ஏறக்குறைய 1.7 கிராம், 25 டிகிரியில் 3.4 கிராம், 100 டிகிரியில் 56 கிராம். ஆல்கஹாலிலோ தாராளமாய்க் கரையும். அங்ஙனமாயின், இரண்டையும் பாதிபாதி கலந்தால் கரைவும் நடுவில் நிற்குமோ? நில்லாது. ஆல்கஹால் சிறிது சிறிதாய்ப் பெருகுமிடத்துக் கரைவு கூட்டற்கணக்கில் ஏறாமல், பெரும்பாலும் பெருக்கற்கணக்கில் ஏறுகின்றது. கலவைதானும் எளிதன்று. 50 மில்லிலிட்டர் நீரோடு 50 மில்லிலிட்டர் ஆல்கஹால் சேர்ந்தால் 100 ஆகாது. சுருங்கி 96 அல்லது 97 அளவே நிற்கும். ஆதலின் அளந்து ஊற்றாது, நிறுத்தே கலந்தோம். ஆல்கஹால் புட்டியோ பூட்டிய பேழைக்குள் வாழ்வது. அதனை வெளிக்கொணர யாம் இட்ட கையெழுத்துக்கள் எம் ஆய்வேட்டை விடப் பெரிது!

கரைசல் நிறைவுற்றதா என்பது கண்ணுக்குப் புலப்படாது. அடியிற் படிகம் கிடத்தல் சான்றன்று. அது இன்னும் கரைந்துகொண்டிருக்கலாம். ஆகவே கலவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு குடுவை வைத்தோம். ஒன்றைக் குளிர்நிலையினின்று 35 டிகிரிக்கு ஏற்றினோம். மற்றொன்றை 50 டிகிரியில் நிறையக் கரையவிட்டு 35க்கு இறக்கினோம். இரண்டும் ஒரே எண்ணிற் சந்தித்தாலன்றி அட்டவணையில் எழுதுவதில்லை என்பது எம் விதி. மாதிரி எடுக்கும் பிப்பெட்டையும் முன்னரே வெதுவெதுப்பாக்கினோம். இன்றேல் படிகங்கள் அதன் கழுத்திலேயே தங்கி எம்மை ஏமாற்றும். பின்னர்ச் சோடியம் ஹைட்ராக்ஸைடைத் துளிதுளியாய் விட்டு, இளஞ்சிவப்பு நிலைத்த இடத்தில் நிறுத்தி, அமிலத்தைக் கணக்கிட்டோம்.

பெரும்பாலான குடுவைகள் இரண்டாம் நாளிலேயே ஒத்தன. நீர் மிகுந்த கலவை ஒன்று மட்டும் ஒவ்வவில்லை. விடுமுறை அண்மிற்று, சராசரி எடுத்துவிடலாம் என்றார் எம்முள் ஒருவர். மற்றிருவரும் இசைந்திலோம். கீழிருந்து ஏறுவதும் மேலிருந்து இறங்குவதும் ஒரே வேகத்தில் நடப்பனவல்ல. இரண்டற்கும் நடுப்புள்ளியே உண்மை என எவ்வாறு கொள்வது? நீரிற் கரையாத மருந்துகள் பலவற்றை இத்தகைய கலவைகளிலேயே கரைத்து ஊசிமருந்தாக்குகின்றனர். எல்லையைச் சற்றே மிகுத்துக் கணித்தாலும், குளிர்ந்த இரவில் அம்மருந்து புட்டிக்குள்ளேயே படிகமாய்ப் பிரியக்கூடும். இதனைச் சொன்னபின் நண்பரும் மறுத்திலர்.

அட்டவணையில் அவ்வொரு கட்டம் இன்னும் வெறுமையாய் உள்ளது. குடுவைகள் இரண்டும் வெந்நீர்த் தொட்டியில் ஆடிக்கொண்டிருக்கின்றன.