வெள்ளை எலிக்கு ஒரு தூளி

மே 9

கத்திரி வெயில். காலை பத்து மணிக்கே சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் பின்னால் மணலில் கால் வைக்க முடியவில்லை. அண்ணன் மகள் கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து லீவுக்கு வந்திறங்கினாள், கையில் கூண்டு. உள்ளே இரண்டு வெள்ளை எலிகள். சென்னையில் வாங்கியவையாம்.

"அத்தை, இதுங்களுக்குத் தொங்குற மாதிரி ஒரு தூளி தைச்சுக் குடேன்."

திண்ணையிலிருந்து அம்மா கேட்டாள்: "வீட்டு எலிக்குப் பொறி, கடை எலிக்குத் தூளியா?"

நியாயமான கேள்விதான். இந்த வெள்ளை எலி சாக்கடை எலியின் வளர்ப்புச் சந்ததி. பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனம் 1906-இல் ஆய்வுக்கென்று வளர்க்கத் தொடங்கிய வெள்ளை எலியும் அதே இனம். அதற்கு முன்பே, 1901-இல், இங்கிலாந்தின் ஆய்ல்ஸ்பரியில் மேரி டக்ளஸ் என்ற பெண்மணி செல்ல எலிகளைக் கண்காட்சிக்கே கொண்டுவந்துவிட்டார். அம்மாவிடம் சொன்னேன். "வெள்ளைக்காரனுக்கு வேற வேலை என்ன" என்று முறுக்கு எடுக்கப் போய்விட்டாள்.

எலிக்குத் தனியாகப் படுக்கப் பிடிக்காது. உயரத்தில், ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுப்பதுதான் அதற்குப் பிடிக்கும். கூண்டின் கம்பித் தரையோ பாதத்தைப் புண்ணாக்கும். அவள் தூளி கேட்டதில் தப்பில்லை.

மே 10

டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். முதலில் கைக்கு வந்தது பாட்டியின் மல் துணி. விரலை வைத்தால் மறுபக்கம் தெரியும். இந்த ஊர் பேரெடுத்ததே அப்படிப்பட்ட துணியால்தான். டச்சுக்காரர்கள் இங்கே செங்கல் கோட்டை கட்டி உட்கார்ந்து, சுற்று வட்டாரத் தறிகளின் மஸ்லினைக் கப்பலேற்றினார்கள். அவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. கோட்டைக்குள் சித்திர வேலைப்பாட்டோடு கிடக்கும் கல்லறைக் கற்கள் அவர்களுடையவை.

எலித் தூளிக்கு மல்லைவிட மோசமான துணி கிடையாது. இழை இடைவெளியில் நகம் மாட்டும். கடித்துப் பிரித்த நூல் விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று, விரலே போய்விடும். மல் துணி திரும்பப் பெட்டிக்குப் போனது.

வெளிநாட்டில் இதற்கு ஃப்ளீஸ் துணி வாங்குகிறார்கள். வெட்டினாலும் நூல் பிரியாது. அது குளிர்ப் பிரதேசத்துக்குச் சரி. எலிக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. சூட்டை வால் வழியாகவும் வெளியே விடும். முப்பது டிகிரிக்கு மேல் போனாலே அதற்குத் திணறல். மே மாதச் சதுரங்கப்பட்டினத்தில் அதைக் கம்பளியில் சுற்றிப் படுக்க வைப்பதா?

கடைசியில் தேறியது என் பழைய பாப்ளின் உள்பாவாடை. நெருக்கமான நெசவு, பல வருஷம் துவைத்துத் துவைத்துக் கஞ்சியும் சாயமும் போன துணி. அண்ணன் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும்.

மே 11

பதினாலு இஞ்ச் சதுரம், இரண்டு துண்டு. பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு மாலுமிக்குத் தூளி கட்ட ஒதுக்கிய அகலமும் பதினாலு இஞ்ச்தான் என்பது ஞாபகம் வந்தது. 1782 பிப்ரவரி 17 அன்று இந்தக் கரைக்கு எதிரே பிரிட்டிஷ் தளபதி ஹியூஸின் கப்பல்களும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனின் கப்பல்களும் மோதிக்கொண்டன. சண்டை நாளில் அந்தக் காலத்து மாலுமிகள் தூளிகளைச் சுருட்டி மேல்தட்டின் ஓரத்தில் அடுக்குவார்கள், துப்பாக்கிக் குண்டைத் தடுக்க. இரவில் படுக்கை, பகலில் கேடயம்.

தையலுக்கு வருகிறேன். நல்ல பக்கம் இரண்டும் உள்ளே பார்க்கும்படி துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். நாலு மூலையிலும் அதே துணியில் மடித்துத் தைத்த வார், வளைந்த பாகம் உள்ளே இருக்கும்படி. சுற்றி ஒரு தையல், நாலு விரல் நுழைய மட்டும் இடம் விட்டு. அந்த வழியாக உள்பக்கத்தை வெளியே இழுத்தால் வெட்டிய ஓரம் முழுக்க உள்ளே ஒளிந்துகொள்ளும். இதுதான் முழு ரகசியமும். ஓவர்லாக் அடித்து ஓரத்தை வெளியே விட்டால் எலி முதலில் கடிப்பது அதைத்தான். விட்ட இடத்தை மடித்து மூடி, மேலே சுற்றிலும் பொடித் தையலாக இரண்டு வரிசை. மூலையில் பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல். எலாஸ்டிக், பட்டன், ஜிப், லேஸ் எதுவும் வேண்டாம்.

மாட்டுவதற்குப் புதுப்பட்டினம் பாத்திரக் கடையில் எஸ்.எஸ். வளையம் வாங்கினேன். இரும்புக் கொக்கி இங்கே ஒரு மழைக்காலம் தாங்காது, உப்புக் காற்று தின்றுவிடும்.

இழுத்துக் கட்டக்கூடாது. குழந்தைத் தூளி போலவே நடுவில் தொய்வு வேண்டும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள்.

மே 14

முதல் ராத்திரி இரண்டும் ஏறவே இல்லை. அவை படுத்திருந்த காகிதத் துணுக்கை எடுத்து உள்ளே போட்டதும் வாசனை பிடித்து ஏறிவிட்டன. இப்போது அங்கேயே குடித்தனம்: தின்ன மீதிப் பொட்டுக்கடலை, கிழித்த தினத்தாள், கூடவே மூத்திரம். பகல் முழுக்க ஒன்றின் வால் மட்டும் விளிம்பில் வெளியே தொங்குகிறது.

இரண்டு நாளைக்கு ஒரு முறை கொதிநீரில் அலசி, வெயிலில் காயப்போட வேண்டும். ஃபினாயில், வாசனைத் திரவம் கூடாது. எலியின் மூச்சுக்குழாய்க்கு அது ஆகாது. தொட்ட கையை நாமும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

மே 17

பக்கத்து வீட்டுப் பையன் தென்னையிலிருந்து விழுந்த அணில் குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தான். "அக்கா, இதுக்கும் ஒண்ணு." தைக்கவில்லை. அணில் கூண்டுக்கான பிராணி இல்லை. குட்டியைப் பழந்துணி விரித்த கூடையில் வைத்து, அதே மரத்தில் பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் தாய் வந்து கவ்விக்கொண்டு போய்விட்டதாம். பச்சைக்கிளிக்கு ஊஞ்சல் தைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: அந்தக் கிளியை வீட்டில் வளர்ப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். துவைக்கும்போதெல்லாம் தூளியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓட்டை விழுந்திருந்தாலோ ஓரத்தில் நூல் பிரிந்திருந்தாலோ ஒட்டுப்போட்டுக்கொண்டு இருக்காதீர்கள், தூக்கி எறியுங்கள். பழைய பாவாடைக்கா வீட்டில் பஞ்சம்?