கொல்லைப்புறத்து ராஜா

எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர். அப்பா, அம்மா, நான், யெஸ்டி. ரேஷன் கார்டில் மூன்று பெயர்தான் இருந்தது. ஆனால் முதல் தேதி சம்பளக் கவரைப் பிரித்ததும் நான்காவது ஆசாமிக்குத்தான் முதல் படியளப்பு. அதற்கு அப்புறம்தான் அரிசி, பருப்பு, என் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம்.

யெஸ்டி ரோட்கிங், 1986 மாடல், மெரூன் கலர். அப்பா மெடிக்கல் ரெப். திருச்சியில் காலை கிளம்பினால் புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை என்று ஒரு சுற்று. கழுத்தில் டை, டேங்க் மேல் சாம்பிள் பை. இன்றைக்கு லட்சக்கணக்கில் கொட்டி 'டூரிங் பைக்' வாங்கி, முழங்காலுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று கவசம் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகிறார்களே... அதை அப்பா திங்கள் முதல் சனி வரை செய்தார். கவசம்? மார்கழியில் மட்டும் சட்டைக்குள் இரண்டு பழைய நியூஸ் பேப்பர்!

வண்டியைப் பற்றித் தெரியாத இளைய தலைமுறைக்கு ஒரு சின்ன அறிமுகம். செக்கோஸ்லோவாகியா நாட்டு ஜாவாவின் வாரிசு. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் பிறந்தது. 250 சி.சி. டூ ஸ்ட்ரோக். ஒரே சிலிண்டர், ஆனால் இரண்டு சைலன்ஸர். (ஒரு ஆளுக்கு இரண்டு மூக்கு மாதிரி!) எல்லாவற்றையும் விட விசேஷம், கிக்கரும் கியரும் ஒரே ராடுதான். உதைத்து ஸ்டார்ட் பண்ணிவிட்டு, அதையே உள்ளே தள்ளி முன்பக்கம் மடக்கினால் கியர்! இது தெரியாமல் என் மாமா ஒரு கல்யாணத்தில் 'பூ வாங்கிட்டு வந்துடறேன் மாப்ளே' என்று சாவி வாங்கிப் போய், கிக்கரைத் தேடித் தேடி, கடைசியில் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்ப் பூ வாங்கி வந்தார். அதற்குள் முகூர்த்தம் முடிந்து பந்தியே ஆரம்பித்துவிட்டது.

1996-ல் மைசூர் தொழிற்சாலை மூடப்பட்டது. அப்பா ஏதோ சொந்தக்காரர் போய்விட்ட மாதிரி இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. அப்புறம் அவரும் 2016-ல் போய்விட்டார். வண்டியின் ஆர்.சி.யும் அதே வருஷம்தான் காலாவதியானது. கேட்க ஆளில்லாமல், கொல்லைப்புறத்தில் கிணற்றடி ஓரமாக, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ராஜா நின்றார்.

நான் சென்னையில் வேலை, வேளச்சேரியில் வாடகை வீடு, கல்யாணம் என்று பிஸியாகிவிட்டேன். 2020-ல் கொரோனா வந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மனைவியோடு திருச்சிக்கே வந்துவிட்டேன். 'ஒர்க் ஃபிரம் ஹோம்' என்றால் வேலை கொஞ்சம், ஹோம் நிறைய. ஒரு மத்தியானம் தார்ப்பாயை விலக்கினேன்.

உள்ளே இருந்து ஒரு எலி குடும்ப சகிதம் வெளிநடப்பு செய்தது!

ஸீட்டுக்குள் அதற்கு ஒரு மெத்தை வீடு. ஒயரிங்கைச் சுத்தமாகத் தின்று முடித்திருந்தது. தார்ப்பாய்க்குள் அடைபட்ட ஈரத்தில் குரோமியம் எல்லாம் சொறி பிடித்த மாதிரி. டேங்க்கைத் திறந்தால் உள்ளே துரு, பழைய கிணறு மாதிரி வாடை. கிக்கரை உதைத்தேன். அசையவில்லை. பிஸ்டன் சிலிண்டருக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

பாலக்கரை பாய்க்குப் போன் போட்டேன். அப்பாவுக்கு முப்பது வருஷ மெக்கானிக்.

"சார் வண்டியா? தம்பி, கோவப்பட்டு உதைக்காதீங்க. பிளக்கைக் கழட்டி, மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து உள்ள ஊத்திட்டுத் தூங்கப் போங்க. ரெண்டு நாள் கழிச்சு கியர்ல போட்டு முன்னயும் பின்னயும் ஆட்டுங்க. தூங்கற மனுஷனை எழுப்பற மாதிரி எழுப்பணும்."

மூன்றாம் நாள் எழுந்தது! டேங்க் துருவுக்கு வைத்தியம் சொன்னது அம்மா. "பித்தளைப் பாத்திரத்துக்கு நான் என்ன பண்றேன்? புளியைக் கரைச்சு ஊத்துடா." ஊற்றினேன். கொஞ்சம் பொடி ஜல்லியும் போட்டுக் குலுக்கினேன். இரண்டு தடவை ரசக் கலரில் வெளியே வந்தது, மூன்றாவது தடவை தெளிந்தது. சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, உள்ளே ஆயிலைச் சுழற்றிவிட்டேன். ஒரு மீட்டிங்கில் எங்கள் மேனேஜர், "உங்க கன்னத்துல என்னங்க கறுப்பா?" என்று கேட்டார். நெட்வொர்க் சரியில்லை என்று கேமராவை அணைத்தேன்.

பாயிண்ட் செட் பண்ணும்போது ஒரு விஷயம் கிடைத்தது. பாயிண்ட்டின் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் இருக்கணும். அதை அளக்கத் தனியாக ஒரு கேஜ் உண்டு. அப்பா அதை வாங்கியதே இல்லை. டூல்ஸ் பெட்டியில் ஆயில் கறையோடு ஒரு அட்டை. அவருடைய கம்பெனி விசிட்டிங் கார்டு! அதை இடையில் நுழைத்துத்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார். நானும் அதையே நுழைத்தேன். நாலாவது உதையில் புகையோடு உயிர் வந்தது.

அடுத்த வருஷம் ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்து, வண்டியைச் சென்னைக்கு லாரியில் ஏற்றினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் புத்தி யாரை விட்டது?

"என்னங்க, நகைச்சீட்டுக்குக் கட்டற பணத்தையெல்லாம் இந்த இரும்புக்குப் போடறீங்களே" என்று மனைவி சொல்லச் சொல்ல, மாற்றங்களை ஆரம்பித்தேன். இதில் இரண்டு சாதி உண்டு. வண்டிக்கு உதவுகிற மாற்றம் ஒன்று. 6 வோல்ட் மின்சாரத்தில் ஹெட்லைட் பெருமாள் கோயில் தூண்டாமணி விளக்கு மாதிரிதான் எரியும், எதிரே வருகிறவர்தான் நம்மைப் பார்த்து ஒதுங்கணும். அதை 12 வோல்ட்டாக்கியது நியாயம். பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டதும் நியாயம்தான். அடிக்கடி செட்டிங் கலையாது. (விசிட்டிங் கார்டை மட்டும் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.)

இன்னொரு சாதி, நம் பெருமைக்கு உதவுகிற மாற்றம். ஒரு கடையில், "சார், இந்த ரெண்டு நீட்டு சைலன்ஸரைத் தூக்கிட்டு குட்டியா ஃப்ரீ ஃப்ளோ போட்டா, வண்டி சும்மா சிங்கம் மாதிரி இருக்கும்" என்றார்கள். மயங்கிவிட்டேன்.

டூ ஸ்ட்ரோக் வண்டிக்குச் சைலன்ஸர் என்பது சத்தத்தை அடக்குகிற குழாய் மட்டுமில்லை. எப்படி என்று டவுன் பஸ்ஸை வைத்துச் சொல்கிறேன். முன்வாசலில் புகை இறங்கும்போதே பின்வாசலில் புது பெட்ரோல் ஏறுகிறது. ஏறுகிற வேகத்தில் பாதி பேர் டிக்கெட் எடுக்காமல் முன்வாசல் வழியாக இறங்கிவிடப் பார்ப்பார்கள். அவர்களை, 'உள்ள போ, உள்ள போ' என்று திருப்பித் தள்ளுகிற கண்டக்டர்தான் சைலன்ஸர். அதன் நீளமும் வடிவமும் அனுப்புகிற எதிர் அழுத்தம்தான் அந்தத் தள்ளு. கண்டக்டரை வேலையை விட்டுத் தூக்கினால்? சத்தம் வரும், இழுவை போய்விடும். பெட்ரோலும் காற்றும் கலக்கிற கணக்கும் கெட்டுப்போகும்.

இதெல்லாம் எனக்கு எப்போது தெரிந்தது என்கிறீர்கள்? பெரம்பலூர் தாண்டி, ஒரு புளியமரத்தடியில்!

2022-ல் ஒரு சனிக்கிழமை. அம்மாவுக்கு 'சர்ப்ரைஸ்' கொடுக்க, சிங்கத்தின் மேல் ஏறித் திருச்சிக்குக் கிளம்பினேன். பெரம்பலூர் தாண்டியதும் 'கிர்ர்ர்' என்று சிங்கம் அப்படியே நின்றுவிட்டது. சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. நல்லவேளை, கிளட்ச்சைச் சட்டென்று அமுக்கினேன். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்து, ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டு வாசலில் நிறுத்தினேன். ஆக்ஸிலரேட்டரை இரண்டு முறுக்கு முறுக்கினேன். எதிர் வீட்டுக்காரர் வந்தார். பக்கத்து வீட்டு நாய் வந்தது. அம்மா வரவில்லை.

கதவைத் தட்டினேன்.

"நீயாடா? ஏதோ கொரியர்காரன் போல இருக்குன்னு உட்கார்ந்திருந்தேன்."

"அம்மா, இது அப்பா வண்டிம்மா!"

அம்மா வாசல் விளக்கைப் போட்டு வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இருக்கலாம்டா. ஆனா அப்பா வண்டின்னு அது சொல்லலையே" என்றாள்.

ராத்திரி சாப்பிடும்போதுதான் விஷயம் வந்தது. "உங்கப்பா வண்டி மெயின் ரோட்டுல திரும்பறப்பவே எனக்குக் கேட்டுடும். அடுப்பைப் பத்தவெச்சு தோசைக்கல்லைப் போடுவேன். பிள்ளையார் கோயில் கிட்ட வந்ததும் பெட்ரோலை மூடிடுவார். கார்ப்பரேட்டர்ல மிச்சம் இருக்கிறதுலயே மெதுவா வந்து வாசல்ல தானா நிக்கும். நிக்கறதுக்கு முன்னாடி சத்தம் மெலிஞ்சு, கீச்சுக் குரலா மாறும் பாரு... அப்ப மாவை ஊத்துவேன். கை கால் கழுவிட்டு அவர் உட்கார, தோசை தட்டுல விழும். முப்பது வருஷத்துல ஒரு நாளும் தப்பினதில்லை."

எனக்குத் தோசை இறங்கவில்லை.

ரயிலில் சென்னைக்குத் திரும்பியதும் அந்தக் கடைக்கு ஓடினேன். "பழைய சைலன்ஸரா? இரும்புக்குப் போட்டாச்சே சார்!" என்றார்கள். கடைக்குப் பின்னால் இருந்த குப்பையைக் கிளறியதில் ஒன்று கிடைத்தது. இன்னொன்றுக்காகப் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்று மூன்று சனிக்கிழமை அலைந்தேன். புதிதாகப் பளபளவென்று நிறைய இருந்தன. எனக்குப் பழையதுதான் வேண்டும் என்றதும் கடைக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கடைசியில் பாய்தான் யாரோ ஒரு வாடிக்கையாளரின் பரணிலிருந்து அதே காலத்துச் சைலன்ஸர் ஒன்றைப் பிடித்தார். இரண்டையும் பிரித்து, உள்குழாயில் படிந்திருந்த கரியைச் சுட்டுச் சுரண்டி எடுத்து மாட்டினார். சிலிண்டரையும் பிரித்து, பிஸ்டன் உரசிய இடத்தைச் சரிபண்ணினார். லிட்டருக்கு 40 மில்லி ஆயில், ஒரு சொட்டு குறையக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

தெருவில் ஒரு ரவுண்டு போய் வந்தேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டாள்.

"அதேதான்டா. இடது பக்கம் மட்டும் கொஞ்சம் தொண்டை கட்டின மாதிரி இருக்கு. பரவாயில்லை, வயசாச்சில்ல."

இப்போது வண்டி திருச்சியில்தான் இருக்கிறது. மாதம் ஒரு முறை போவேன். முடியாத மாதங்களுக்காக அதைத் தூங்கவைக்கும் முறையைப் பாயிடம் கற்றுக்கொண்டேன். வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம். இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் அடியில் தங்கி, டேங்க் துருப்பிடிக்கும், பழைய ரப்பர்கள் ஊறிப்போகும். அதனால் டேங்க்கையும் கார்ப்பரேட்டரையும் காலி பண்ணி, டேங்க் உள்ளே ஆயிலைப் புரட்டிவிட வேண்டும். பிளக் துவாரத்தில் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, மெதுவாக நாலு உதை. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள். சென்டர் ஸ்டாண்ட் அடியில் பலகை. மேலே பழைய காட்டன் வேட்டி, தார்ப்பாய் வேண்டவே வேண்டாம். சைலன்ஸர் வாய்களில் துணி, எலிக்கு 'வீடு காலியில்லை' போர்டு. திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போது அந்தத் துணியை எடுக்க மறக்காதீர்கள். மறந்தால் அரை மணி நேரம் உதைப்பீர்கள். (எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.)

ஒரு நல்ல மனிதர் வீடு தேடி வந்து ஒரு தொகை சொன்னார். என் நான்கு மாதச் சம்பளம். மனைவி என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, "இந்தா, காபி ஆறிடும்" என்று அவர் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். காபியோடு அவரை அனுப்பிவைத்தோம்.

பெட்ரோலை மூடுகிற விஷயத்துக்கு வருகிறேன். முதல் மூன்று தடவை மறந்துபோனேன். போன மாதம் ஞாபகமாக, பிள்ளையார் கோயில் வருவதற்கு முன்பே குழாயைத் திருப்பினேன். சத்தம் மெலிந்து, கீச்சென்று உயர்ந்து... அப்படியே நின்றுவிட்டது. வீட்டுக்கு இன்னும் பத்து வீடு பாக்கி. சுமார் 140 கிலோ ராஜாவை வியர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தால், உள்ளேயிருந்து கருகல் வாசனை.

"அப்பா ஒரு நாளும் தள்ளிக்கிட்டு வந்ததில்லை" என்றாள் அம்மா, கருகிய தோசையைக் கல்லிலிருந்து சுரண்டிக்கொண்டே. "கோயில் தாண்டி, அந்த லைட் கம்பத்துக்கிட்ட மூடணும்டா. அடுத்த மாசம் சரியா வந்துடும். போ, கை கால் கழுவிட்டு வா."