நியோரைத் தாண்டும்போது

கிம்மாஸில் தண்டவாளம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கிளந்தான் பக்கம் தும்பாட்டுக்கு, மற்றது தெற்கே ஜொகூர் பாருவுக்கு. 1909-இல் தெற்குப் பாதை முடிந்தது. காட்டை அழித்து ரப்பர் நட்ட காலம் அது. செகாமட், லாபிஸ், பெக்கோக் எல்லாம் இன்று சன்னலுக்கு வெளியே செம்பனையாகவே ஓடிவிடும்.

பாலோ தாண்டினால் நான் உட்கார மாட்டேன், கதவருகே போய்விடுவேன். சாமெக், நியோர், அடுத்தது குளுவாங். அந்த இடைவெளியில்தான் எங்கள் தோட்டம். இரவு மெயில் கடக்கும் சத்தம் கேட்டுத்தான் பாட்டி பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, எழுவாள்.

நாங்கள் குடியிருந்த லயம் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், மாரியம்மன் கோயில் அந்தப் பக்கம். கேட் கிடையாது. ஒரு திருவிழாவில் கரகம் தண்டவாளத்தில் ஏறும் நேரம் சரக்கு ரயில் வந்துவிட்டது. தாத்தா தீப்பந்தத்தைத் தலைக்கு மேல் வீசி ஆட்டினார். ரயில் ஊர்ந்து வந்து நின்றது. ஓட்டுநர் மலாய்க்காரர். ஒரு வார்த்தை திட்டவில்லை, முன்விளக்கை அணைத்துவிட்டார். உறுமி ஓயவில்லை. தீப்பந்த வெளிச்சத்தில் சித்தப்பா வெறுங்காலோடு ஜல்லியில் ஏறி, கட்டைமேல் கால்வைத்து, கரகம் அசையாமல் இறங்கினார். அம்மா ஓடிப்போய் அந்த ஓட்டுநருக்கு ஒரு செம்பு மோர் நீட்டியதும், இரண்டு கையாலும் வாங்கி அவர் குடித்ததும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது அந்தத் தண்டவாளம் மின்சார இரட்டைப் பாதை. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம், இருபுறமும் வேலி. வேலி தேவைதான், உயிர் பெரிது. ஆனால் தலைமுறைகளாக நடந்த ஒற்றையடிப்பாதை இருந்த இடத்தில் ஒரு நடைபாலம் கட்டியிருக்கலாம். வரைபடத்தில் அந்தப் பாதை இல்லை, அதனால் யாரும் கேட்கவுமில்லை. ரப்பர் போய் செம்பனை வந்தது, ஆள் குறைந்தது, லயம் இடிந்தது. கோயில் மட்டும் தனியாக நிற்கிறது. கரகம் லோரியில் ஏறி, சடக்கு வழியாகச் சுற்றிப் போகிறது.

குளுவாங் ரயிலடியில் 1938 முதல் கோப்பிக்கடை. வெளியூர்க்காரர்கள் ரொட்டிக்கும் காயாவுக்கும் வரிசை நிற்கிறார்கள். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து ஆட்களை சயாம் மரண ரயில் வேலைக்கு வடக்கே ஏற்றிப் போனது இந்த மாதிரி ரயிலடிகளிலிருந்துதான். அதைச் சொல்ல எங்கும் ஒரு கல்வெட்டு வேண்டும்.

ரெங்கம், லாயாங் லாயாங்: அதே செம்பனை, அதே கதை. கூலாய் தாண்டினால் நகரம்.

ஜொகூர் பாருவில் இறங்கி மாசாய், ஸ்கூடாய் பக்கம் போனால் அடுக்குமாடிகளில் எங்கள் தோட்டத்தார் இருக்கிறார்கள். திருவிழாவுக்குத் தவறாமல் வருகிறார்கள், காரில்.