உப்புச் சேற்றில் ஒரு புதுப் பெயர்

சிதம்பரத்துக்குக் கிழக்கே சுமார் 15 கி.மீ. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் கடலில் கலக்கும் இடத்துக்கு நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் பரந்து கிடக்கிறது பிச்சாவரம் சதுப்புக் காடு. படகில் ஏறுகிறவர்கள் முதலில் விசாரிப்பது 'இதயக்கனி'யில் (1975) எம்.ஜி.ஆர். வந்த இடத்தைத்தான். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான மரம் இங்கே நிற்பதையே பலர் கவனிப்பதில்லை. சேற்றில் கோரைபோல் முளைத்திருக்கும் காட்டு நெல்லை யார் பார்க்கப் போகிறார்கள்?

சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பார்த்தார்கள். மரம் வெட்டி மொட்டையான பகுதிகளில் ஓதநீர் பாயக் கால்வாய் வெட்டி, காட்டை மீட்க 1990களில் வனத் துறையுடன் சேர்ந்து உழைத்தவர்கள் அவர்கள். போர்ட்டரேசியா என்ற இந்த நெல், ஓதம் ஏறினால் நீரில் மூழ்குகிறது. எரு போட ஆளில்லை. சாதாரண நெல் கருகிவிடும் உப்பில் இதற்கு மட்டும் தழைச்சத்து எங்கிருந்து வருகிறது?

நிறுவனத்தின் பி. லோகநாதனும் சுதா நாயரும் அதன் வேர், தண்டு, வேரடி மண் ஆகியவற்றிலிருந்த நுண்ணுயிர்களை, நைட்ரஜன் சேர்க்காத புளிப்பான கூழில் வளர்த்தார்கள். ஒருவகையில் இது பட்டினி போட்டுத் தேர்ந்தெடுப்பது. காற்றிலிருந்து நைட்ரஜனை எடுக்கத் தெரிந்தது மட்டுமே பிழைக்கும். அப்படிப் பிழைத்தது ஒரு குச்சி வடிவ பாக்டீரியா. 3 சதவீத உப்பிலும் நன்றாக வளர்ந்தது. (கடல் நீரின் உப்பே சுமார் 3.5 சதவீதம்தான்.) உப்பு இருந்தபோதும் தழைச்சத்தைச் சேர்த்தது, கரையாத பாஸ்பேட்டைக் கரைத்தது.

சரி, இது எந்த ஜாதி? பாக்டீரியாவை முகம் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுவை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டபோது தெரிந்த உறவு வேடிக்கையானது: காடி தயாரிக்கும் பாக்டீரியாக்களின் குடும்பம்! இந்தோனேசியாவின் மந்தாரைப் பூவில் கிடைத்து, 2000இல் பெயர் பெற்ற அசாயா நெருங்கிய சொந்தம். ஆனால் 0.35 சதவீத அசிட்டிக் அமிலத்தில் அசாயா வளராது. இது வளர்ந்தது. இப்படிப் பல வித்தியாசங்கள் சேர்ந்துதான் தனிப் பேரினம் என்ற முடிவுக்கு இட்டுச்சென்றன.

2004இல் சர்வதேச ஆய்விதழில் பெயர் வெளியானது: ஸ்வாமிநாதனியா சாலிடாலரன்ஸ். உப்பைத் தாங்கும் ஸ்வாமிநாதனியா என்று பொருள். 2023இல் மறைந்த வேளாண் விஞ்ஞானியின் பெயர்தான், லத்தீன் மரபுப்படி பெண்பாலாகிவிட்டது.

அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தது. காட்டின் மறைவில் இருந்த குப்பங்கள் பெருமளவு தப்பின. தடுப்பில்லாத கடலோரங்களில் வயல்களுக்குள் கடல் புகுந்து உப்பேற்றியது. உப்பிலும் வேலை செய்யும் இப்படியொரு நுண்ணுயிர் அங்கே உதவுமா என்ற கேள்வி இயல்பாகவே எழும். சோதனைக் குழாயில் தழைச்சத்து சேர்ப்பது வேறு, விவசாயியின் யூரியா செலவைக் குறைத்துக் காட்டுவது வேறு. முயன்று பார்க்க விரும்புகிறவர் பிச்சாவரச் சேற்றில் மறுபடி இறங்க வேண்டியதில்லை. பெயர் செல்லுபடியாக இரண்டு நாடுகளில் வித்து வைக்கவேண்டும் என்பது விதி. சண்டிகர் சேமிப்பகத்தில் 3852, பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 21291 என்ற எண்களில் அது பதிவாகியிருக்கிறது.