“பாதி விலைக்குக் கிடைக்குமா அங்கிள்?” - காஞ்சிபுரத்தில் நான்கு தோழிகளின் மூன்று நாள்

சனி, ஞாயிறோடு ஒரு அரசு விடுமுறை ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், கல்லூரி விடுதிகளில் புதிதாக ஒரு வாட்ஸ்அப் குரூப் முளைத்துவிடும். பாண்டிச்சேரியா, ஏற்காடா, கொடைக்கானலா என்று இரண்டு நாள் பட்டிமன்றம் நடக்கும். ரூம் வாடகையைப் பார்த்ததும் குரூப் தானாக அமைதியாகிவிடும்.

இந்த ஆண்டு குடியரசு தினம் திங்கட்கிழமையில் வந்தது. சென்னையில் மூன்றாம் ஆண்டு படிக்கும் அந்த நான்கு தோழிகளுக்கும் இதே கதைதான். ஒருத்திக்கு மதுரை, ஒருத்திக்கு பாலக்காடு, ஒருத்திக்கு சென்னை அண்ணா நகர், நான்காமவளுக்கு காஞ்சிபுரம். பாலக்காட்டுப் பெண்ணின் செல்போனைத் திறந்தால் எப்போதும் கிரேக்கத் தீவான சான்டோரினிதான் தெரியும். வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், கீழே கடல். “வேலைக்குப் போய் முதல் மூணு மாச சம்பளத்தைச் சேர்த்து வெச்சு அங்க போறோம்” என்பது அவள் கட்சி.

“இப்போ கையில ஆளுக்கு ஆயிரம் ரூபாதான் இருக்கு. அதுக்கு எந்தத் தீவு வரும்?” என்று கேட்டது மதுரை.

“காஞ்சிபுரம் வரும். இவ வீடு இருக்கே!” என்றது அண்ணா நகர்.

எல்லோரும் சிரித்தார்கள். காஞ்சிபுரத்துப் பெண்ணும் சிரித்தாள். ஆனால், அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் இருந்தது. முதலாமாண்டில் “உங்கப்பா என்ன பண்றாங்க?” என்று கேட்டபோது, “பட்டுச்சேலை” என்று மட்டும் சொல்லியிருந்தாள். அது பொய்யில்லை. ஆனால், தோழிகள் மனதில் அது கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ஜவுளிக்கடையாக வளர்ந்துவிட்டது. அவளும் அதைத் திருத்தவில்லை. இப்போது அண்ணா நகர்த் தோழியின் அக்காவுக்கு மாசியில் கல்யாணம். “உன் ஃப்ரெண்டு வீட்டுலயே முகூர்த்தப் பட்டு எடுத்துடலாம். கடை விலையில பாதிக்குத் தருவாங்கல்ல?” என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

தறி இருக்கும் வீடு

சனிக்கிழமை காலை, செங்கல்பட்டு வழியாகப் போகும் மின்சார ரயிலில் வந்து இறங்கினார்கள். பிள்ளையார்பாளையம் தெருவுக்குள் ஷேர் ஆட்டோ திரும்பியபோதே வீடுகளிலிருந்து தறிச் சத்தம் கேட்டது. ஒரு தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயிலில் காயவிட்டிருந்தார்கள். ஆட்டோ டிரைவர் அதைப் பார்த்ததும் எதுவும் சொல்லாமல் வேறு தெருவில் வண்டியைத் திருப்பினார். பட்டு இழை மேல் வண்டி ஏற்றுவது அந்த ஊரில் யாருக்கும் வராது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கூடத்தில் முக்கால்வாசி இடத்தைத் தறி பிடித்துக்கொண்டிருந்தது. தரையில் குழி. அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி மிதித்துக்கொண்டிருந்தார் அப்பா. எதிர்ப்பக்கம் அம்மா. அரக்கு நிறத்தில் உடல், பச்சையில் கரை.

“வாங்கம்மா, வாங்க. கால் கழுவிக்கிட்டு உட்காருங்க, ஒரு விரல்கடை நெய்துட்டு எழுந்துர்றேன்” என்றார்.

ஜவுளிக்கடை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மதுரைத் தோழி நேராகத் தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மற்ற இருவரும் உட்கார்ந்தார்கள். வீட்டுப் பெண் மட்டும் சமையலறைக் கதவோரம் நின்றுகொண்டாள்.

நீளவாக்கில் ஓடும் இழை பாவு, குறுக்கே ஓடுவது ஊடை என்பதிலிருந்து தொடங்கினார் அப்பா. காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வை என்றார். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாவால் நெய்து, சேரும் இடத்தில் இழையோடு இழை கோத்துக்கொண்டே வர வேண்டும். அதற்கு மூன்று நாடா வேண்டும், இரண்டு ஆள் வேண்டும். ஆள் ஒன்று குறைந்தால் கோர்வைத் தறி நின்றுவிடும்.

“அப்போல்லாம் அந்தப் பக்கம் வீட்டுப் பிள்ளைங்கதான் உட்காரும். நான் ஏழு வயசுல உட்கார்ந்தேன், பள்ளிக்கூடம் அதோட போச்சு. இவளை ஒருநாள்கூட உட்கார வைக்கல” என்றார், நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தறிக்கு மேலே துளை போட்ட அட்டைகள் மாலை போலத் தொங்கின. அந்தத் துளைகள்தான் எந்த இழை மேலே எழ வேண்டும், எது கீழே தங்க வேண்டும் என்று சொல்கின்றன. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பாலக்காட்டுப் பெண்ணுக்கு அதைப் பார்த்ததும் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. பிரான்ஸில் 1804-ல் ஜக்கார்டு உருவாக்கிய இந்த அட்டை முறையைத்தான் பின்னால் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். “அங்கிள், நீங்கதான் எங்களுக்கு சீனியர்” என்றாள். அப்பா சிரித்தார்.

“ஒரே ஒரு தடவை நான் நாடா தள்ளட்டுமா? ரீல்ஸ் போட்டுக்கறேன்” என்று கேட்டாள்.

“தப்பா நினைக்காதம்மா. இது என் சேலை இல்ல. ஒரு இழை தப்பினாலும் கூலியில பிடிச்சுக்குவாங்க.”

யாருடைய சேலை?

“உங்க சேலை இல்லையா?” என்றாள் அண்ணா நகர்த் தோழி. பிறகு தயங்கித் தயங்கி, அம்மா சொல்லி அனுப்பியதைக் கேட்டேவிட்டாள். “அக்கா கல்யாணத்துக்கு… உங்ககிட்டயே வாங்கினா பாதி விலைக்குக் கிடைக்குமா அங்கிள்?”

கதவோரம் நின்றவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்பாவுக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கூட்டுறவு சங்கத்தில் அவர் உறுப்பினர். பட்டு நூலும் ஜரிகையும் சங்கம் எடை போட்டுக் கொடுக்கும். பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து. நெய்து முடித்த சேலையை அதே எடைக் கணக்கோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். கையில் வருவது கூலி. தனியாரிடம் நெய்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். தறி அவருடையது, உழைப்பு அவருடையது, சேலை மட்டும் அவருடையதில்லை.

“முப்பது வருஷமா நெய்றேன். இந்த வீட்டுல இருக்கிற முகூர்த்தப் பட்டு ஒண்ணே ஒண்ணு. அவங்களோடது” என்று மனைவியைக் காட்டினார். “அதுவும் சங்கத்துல தவணைக்கு வாங்கினது.”

ஒரு சேலைக்கு எத்தனை நாள் என்று கேட்டார்கள். இந்த வேலைப்பாட்டுக்குப் பதினைந்து நாள் என்றார். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறிவிடும், ஈரத்தில் இழை ஒட்டும், அப்போது நாள் கணக்கே கிடையாது. கூலி எவ்வளவு என்றும் சொன்னார். அண்ணா நகர்த் தோழி அதை இரண்டு பேரால் வகுத்து, பதினைந்து நாளால் வகுத்து, செல்போனை மற்ற இருவரிடமும் திருப்பிக் காட்டினாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிரியதர்ஷன் இயக்கி, பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த ‘காஞ்சிவரம்’ படம் இதைத்தான் சொன்னது. மகளுக்குப் பட்டு கட்டி அனுப்ப ஆசைப்பட்ட நெசவாளி, வேலை செய்யும் இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நூலைத் திருடி வரும் கதை அது. படம் காட்டும் காலம் சுதந்திரத்தை ஒட்டியது. இன்றைக்குச் சங்கம் இருக்கிறது, காப்பீடு இருக்கிறது, 2005-06-ல் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. ஆனாலும் நெய்கிற வீட்டில் சேலை இல்லை என்பது முழுதாக மாறிவிடவில்லை.

இரவு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது அண்ணா நகர்த் தோழிதான் ஆரம்பித்தாள். “ஏன்டி முன்னாடியே சொல்லல?”

“என்னன்னு சொல்றது? நீங்க எல்லாரும் கடைன்னு நெனச்சுட்டீங்க.”

“நாங்க நெனச்சா, நீ இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?”

அதற்குப் பதில் இல்லை. பேச்சை மாற்றுவதற்காகப் பாலக்காட்டுப் பெண், கிரேக்கத் தீவில் பட்டு உண்டா என்று விளையாட்டாகச் செல்போனில் தேடினாள். உண்டு! கோஸ் என்ற தீவு. அங்கே பாம்ஃபிலே என்ற பெண் முதன்முதலில் கூட்டிலிருந்து இழையெடுத்து நெய்தாள் என்று அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். ரோமாபுரிப் பணக்காரர்கள் அந்த மெல்லிய துணிக்கு ஆசைப்பட்டிருக்கிறார்கள். இன்று கோஸ் தீவுக்குப் போகிறவர்கள் கடற்கரைக்குப் போகிறார்கள், மருத்துவ மேதை ஹிப்போகிரட்டீஸ் பெயர் சொல்லும் மரத்தடியில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பட்டு ஏட்டில் மட்டும்தான் இருக்கிறது.

“மரம் இருக்கு, தறி இல்ல” என்றாள் மதுரைப் பெண். மறுநாள் அவர்கள் ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தைப் பார்க்கப் போவதாக இருந்தார்கள்.

சொந்த ஊரில் சுற்றுலா

ஞாயிற்றுக்கிழமை காலை, கிளம்பும் முன் அப்பா ஒரு வேலை கொடுத்தார். “கைலாசநாதர் கோயில்ல யாளியை நல்லா பார்த்துட்டு வாங்க. கரையில நாங்க போடுறது அங்கேருந்து வந்ததுதான்.”

பல்லவ மன்னன் ராஜசிம்மன் 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கோயில் அது. மணற்கல் என்பதால் பல சிற்பங்கள் தேய்ந்திருக்கின்றன. சுற்றுச்சுவரையொட்டி வரிசையாகச் சின்னச் சின்னச் சந்நிதிகள், மொத்தம் 58. சிலவற்றின் உள்சுவரில் 1,300 ஆண்டு பழைய ஓவியத்தின் மிச்சம் இன்னும் தெரிகிறது. கருவறையைச் சுற்றிவர, குனிந்து தவழ்ந்து நுழையும் குறுகலான வழி ஒன்று உண்டு. அதில் நுழைந்து வெளியே வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. “செமஸ்டர் மறுபடி எழுத வேண்டாம்னா போதும்” என்று சொல்லிக்கொண்டே நுழைந்தாள் மதுரைப் பெண்.

வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்தான். ஆனால், காஞ்சிபுரத்துப் பெண் அந்தக் கோயிலுக்குக் கடைசியாக வந்தது பள்ளிச் சுற்றுலாவில். ஓவியம் இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். எந்த யாளி எந்தக் கரையில் வரும் என்று தோழிகள் கேட்டபோது மட்டும் அவள் தடுமாறவில்லை. யாளி, அன்னம், மயில், இருதலைப் பறவை, ருத்ராட்சம் என்று சிறு வயது முதல் காதில் விழுந்த பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. மற்ற மூவரும் அவளையே கைடாக்கிவிட்டார்கள்.

வைகுண்டப் பெருமாள் கோயிலில் மூன்று தளங்களில் பெருமாள் அமர்ந்தும் கிடந்தும் நின்றும் இருக்கிறார். சுற்று மண்டபச் சுவரில் பல்லவர் வரலாறே படக்கதை போலச் செதுக்கப்பட்டிருக்கிறது. சிறுவனாக இருந்த நந்திவர்மனைத் தேடிப்பிடித்து அரசனாக்கிய கதையும் அதில் உண்டு. ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் 1509-ல் எழுப்பியது.

மாலையில் வரதராஜப் பெருமாள் கோயில். ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலி, தங்க பல்லி, வெள்ளி பல்லி, நூற்றுக்கால் மண்டபம் எல்லாம் பார்த்துவிட்டு, மந்தாரை இலை மணக்கும் கோயில் இட்லியோடு அனந்தசரஸ் குளக்கரைப் பக்கம் வந்தார்கள். மிளகு, சீரகம், சுக்கு, நெய் போட்டு மூங்கில் குடலையில் வேகவைத்த இட்லி. சட்னியைத் தேடவில்லை யாரும்.

குளத்துக்குள் இருக்கும் அத்தி வரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை, 48 நாள் வெளியே வருவார். 1979-ல் வந்தார், 2019-ல் வந்தார். 2019-ல் தெருவெல்லாம் கூட்டம் நின்றதும், தெரியாதவர்களுக்கெல்லாம் அம்மா தண்ணீர் மொண்டு கொடுத்ததும் வீட்டுப் பெண்ணுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“அடுத்தது 2059. நமக்கு அப்போ 54 வயசு. இதே வீட்டுல வந்து தங்கறோம்” என்றாள் பாலக்காட்டுப் பெண்.

வீட்டுப் பெண் உடனே பதில் சொல்லவில்லை. வீடு இருக்கும். தறி? அண்ணன் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். மாதமானால் சம்பளம், ஷிப்ட் முடிந்தால் வீடு. அவன் குழியில் இறங்கி ஐந்து வருடமாகிறது. தெருவில் பல வீடுகளில் இதே நிலைதான். யாரையும் குறை சொல்லவும் முடியாது. அவளே கேம்பஸ் இன்டர்வியூவுக்குத்தானே தயாராகிக்கொண்டிருக்கிறாள்?

“தெரியலடி” என்றாள் கடைசியில். மூன்று ஆண்டுகளில் தன் வீட்டைப் பற்றி அவர்களிடம் அவள் ஒளிக்காமல் சொன்ன முதல் வார்த்தை அதுவாக இருக்கலாம். அதற்குப் பிறகு நிறையப் பேசினாள்.

மாசிக்கு முன்

சனிக்கிழமை இரவே அண்ணா நகர்த் தோழி தன் அம்மாவிடம் எல்லாவற்றையும் போனில் சொல்லியிருந்தாள். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்த அம்மா, “பாதி விலைன்னு கேட்டிருக்கக் கூடாதுடி. அவங்க நெய்ற சங்கத்துலயே முழு விலைக்கு வாங்கிக்கலாம். அந்த அண்ணனை மட்டும் கூட வந்து பார்த்துச் சொல்லச் சொல்லு” என்றிருக்கிறார்.

இரண்டு வாரம் கழித்து அம்மாவும் மணப்பெண்ணும் வந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சங்கத்தின் விற்பனை நிலையத்துக்குக் கூட்டிப்போனார். ஜரிகையின் ஒரு பிசிறை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிவதைக் காட்டினார். வெள்ளிக் கம்பியைப் பட்டு இழையில் சுற்றித் தங்கமுலாம் பூசியதுதான் அசல் ஜரிகை. பட்டு முத்திரை, புவிசார் குறியீட்டு முத்திரை இரண்டையும் பார்த்து வாங்கச் சொன்னார். கோர்வையா என்று அறிய, சேலையைத் திருப்பிப்போட்டு, உடலும் கரையும் சேரும் இடத்தைப் பார்க்கச் சொன்னார். அங்கே பல் பல்லாக இழைகள் கோத்திருக்கும்.

மணப்பெண்ணுக்குப் பிடித்தது மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. “இது நீங்க நெய்ததா அங்கிள்?” என்று ஆசையாகக் கேட்டாள்.

அப்பா சேலையைத் திருப்பி, கோர்வையின் மேல் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். விலைச்சீட்டு பக்கத்திலேயே தொங்கியது. அதை அவர் பார்க்கவில்லை.

“இல்லம்மா. இது எங்க பின்தெருக்காரர் கை. என்னைவிட நல்லா நெய்வார். தைரியமா எடுத்துக்கோங்க.”